நேர்ந்துவிடாத பன்றி

எங்கள் பக்கத்தில் ஒரு ஆளைத் திட்ட வேண்டுமென்றால் மூன்று பாஷை இருக்கிறது. தமிழில் பன்னி, தெலுங்கில் பந்தி, கன்னடத்தில் ஹந்தி. ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி சூப்பர்வைசர் மூன்றிலும் திட்டுவார். யார் எந்த ஊர் என்று தெரிந்துவைத்துக்கொண்டு அவரவர் பாஷையிலேயே திட்டுவார். அதில் மட்டும் மனுஷனுக்கு அப்படி ஒரு அக்கறை. நானும் பல வருஷம் அதைக் காதில் வாங்கிக்கொண்டு பாகங்களை அளந்து பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தவள்தான். நிஜப் பன்றியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு நாயால்.

கம்பெனி கேட்டில் ஒரு நாய் கிடக்கும். லாரி பின்னால் வந்து அதன் காலில் ஏறிவிட்டது. கேட்டில் இருந்தவர்கள் அதைத் தூக்கிப் புதரில் போடப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து, கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளி தாண்டி ஒரு பிராணிகள் காப்பகம் இருப்பதாகச் சொன்னார்களே என்று அங்கே கொண்டுபோனேன். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கன்னடத்து அம்மா அதை நடத்திக்கொண்டிருந்தார். நாய்க்குக் கட்டுப் போடும்வரை பின்பக்கம் சுற்றிப் பார்க்கலாம் என்று போனேன். அங்கே ஒரு கொட்டகையில் ஆறு வெள்ளைப் பன்றிகள் படுத்திருந்தன.

அவை வந்த கதையை அந்த அம்மாதான் சொன்னார். நெடுஞ்சாலையோரம் ஒரு பன்றிப் பண்ணை. கறிக்கு வாங்கிக்கொண்டிருந்தவன் வாங்குவதை நிறுத்திவிட்டானாம், நிலத்துக்கும் நல்ல கிராக்கி வந்துவிட்டதாம். பண்ணைக்காரன் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். உள்ளே உயிர்கள் இருக்கின்றன. தண்ணீர் இல்லை, தீவனம் இல்லை. அவன் பாட்டுக்குச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சொல்லி, பூட்டை உடைத்துப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை இந்த ஆறுதான். இதைக் கேட்டதும் என் வாயில் ஒரு நல்ல வார்த்தைகூட வரவில்லை, அவனைப் பற்றி வந்த வார்த்தைகளை இங்கே எழுதவும் முடியாது.

"நாய்க்கு ஆள் வர்றாங்க, பூனைக்கு வர்றாங்க. பன்னி கேட்டு வர்றவங்க எல்லாம் கறிக்கடைக்காரங்கதாம்மா" என்றார் அந்த அம்மா.

"ரெண்டு எனக்குக் குடுங்க" என்றேன்.

வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவசரக்காரி என்று என்னைச் சொல்லாத ஆள் எங்கள் வீட்டில் கிடையாது, அன்றைக்கும் அதை நிரூபித்தேன். அந்த அம்மா லேசில் கொடுக்கவில்லை. இடம் எவ்வளவு, நிழல் உண்டா, தண்ணீர் உண்டா என்று குடைந்து குடைந்து கேட்டார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். விற்கக் கூடாது, கொல்லக் கூடாது, வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராயக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிப்போய்க் காலியாகத் திரும்பும் டெம்போ ஒன்றில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். டெம்போ தரையில் நசுங்கிக் கிடந்த தக்காளியை நக்கிக்கொண்டே அவை மாநில எல்லையைத் தாண்டின. செக்போஸ்ட்காரர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை கிலோம்மா நிக்கும்?" என்று கேட்டார். "உங்க எடைதாங்க இருக்கும்" என்றேன். என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

எங்கள் ஊர் சூளகிரியிலிருந்து பேரிகை போகும் வழியில். நிலம் என் கணவருக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. வீடு தனித்தனி. எங்கள் வீடு தக்காளித் தோட்டத்தை ஒட்டி, புளியமர நிழலில் இருந்தது. டெம்போவின் பின்பலகையைத் திறந்ததும் இரண்டும் இறங்காமல் நின்றன. பிறந்ததிலிருந்து சிமெண்ட் தரையில் நின்றவை, மண்ணை மிதித்ததே இல்லை. பெரியதை நான் பெரியவள் என்பேன், மற்றது சின்னவள். பெரியவள்தான் முதலில் ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு மூக்கை மண்ணுக்குள் விட்டு ஒரு முழம் உழுதாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வேறு எந்த உயிரிடமும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அன்று சாயங்காலமே கணவரின் அண்ணன் வந்துவிட்டார். ஊர் முனியப்பன் கோயிலுக்கு அவர்தான் தர்மகர்த்தா. வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லாத மனுஷன் என்று பஞ்சாயத்தில் பெயர். அந்தப் பெயர் கெடக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த கவனத்தைப் பின்னால் சொல்கிறேன்.

"பன்னி மேய்க்கவா உன்னைப் பொண்ணு எடுத்தோம்? கீழ்த்தெருக்காரங்க வளக்கறத நம்ம வூட்டுல கட்டி வச்சா நாளைக்கு நம்ம மானம் என்னாவறது?"

"கீழ்த்தெருக்காரங்க பறிச்சுப் போடற தக்காளிய மட்டும் கூசாம எண்ணி ஏத்தறோமே மாமா, அதுல மானம் போவலியா?" என்றேன்.

அவர் என்னை விட்டுத் திரும்பி, தம்பியைப் பார்த்து, "ஒரு வாரம் டைம் தரேன். இல்லன்னா ஊரைக் கூட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஆளாளுக்கு வந்தார்கள். நாற்றம் என்றார்கள். இத்தனைக்கும் தினம் இரண்டு வேளை கழுவிவிட்டேன், அவர்கள் மாட்டுத் தொழுவத்தை விட என் கொட்டகை சுத்தமாக இருந்தது. பெரியவள் படுக்கும் இடத்தில் ஒருநாளும் அசுத்தம் செய்ததில்லை. யார் கேட்கிறார்கள்? மூக்கைப் பொத்திக்கொண்டு வருவதென்று முடிவு செய்துகொண்டு வந்தவர்களிடம் என்ன பேசுவது?

ஐந்தாவது நாள் காலையில் கோயில் பூசாரி தோட்டத்து வழியாகப் போனவர் நின்றார். பெரியவளையே பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"முனியப்பனுக்கா தாயி? எப்ப நேந்து வுட்டீங்க?"

அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் சாமிக்குப் பன்றி நேர்ந்துகொள்பவர்கள், குட்டியின் காதோரத்தை வெட்டி ஊருக்குள் விட்டுவிடுவார்கள். காது வெட்டிய பன்றியை யாரும் அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, எந்த வீட்டு வாசலுக்கு வந்தாலும் ஏதாவது போட வேண்டும். திருவிழா வந்தால் அது சாமிக்குப் பலி. பெரியவளின் வலது காதிலும் முக்கோணமாக இரண்டு வெட்டு இருந்தது. பண்ணையில் நம்பர் எழுதுவதற்குப் பதில் அப்படித்தான் காதை வெட்டுவார்களாம், எந்தக் காதில் எந்த இடத்தில் எத்தனை வெட்டு என்று பார்த்து நம்பரைச் சொல்வார்களாம். காப்பகத்து அம்மா எனக்குக் காட்டியிருந்தார். சின்னவளுக்கு அந்தக் காதே பாதிதான் இருந்தது. பூட்டிய கொட்டகையில் பசி பொறுக்காமல் மற்றவை கடித்துவிட்டன.

பூசாரி பதிலுக்குக் காத்திருந்தார். நான் சிரித்தேன். ஒன்றும் சொல்லவில்லை, வெறுமனே சிரித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே. ஊரைக் கூட்டுகிறேன் என்றவர் ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு வந்தார். "மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். மூக்கைப் பொத்தியவர்கள் எல்லாம் கேழ்வரகுக் களி உருண்டை கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆனால் என் ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, பெரியவளின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போவார். சின்னவளை ஒருவரும் சட்டை செய்யவில்லை. கூட இருப்பதால் அவளுக்கும் களி கிடைத்தது. காதில் ஒரு வெட்டு இருந்தால் சாமி, இல்லாவிட்டால் சனியன். அதே நாற்றம், அதே பன்றி. என்ன ஜனங்கள் இவர்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே களியை வாங்கி வைத்தேன்.

என் கணவர் மட்டும் விடவில்லை. "ஏ புள்ள, உண்மைய சொல்லிப்புடு. இது நல்லதுக்கில்ல."

"சொன்னா நாளைக்கே தொரத்துவாங்க."

"திருவிழான்னு ஒண்ணு வருமே, அப்ப என்னா பண்ணுவ?"

"அப்ப பாத்துக்கலாம்."

வெள்ளைப் பன்றியைச் சாமிக்கு எப்படிக் குத்துவார்கள், எங்கள் ஊரில் கறுப்புப் பன்றிதானே குத்துவது வழக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு மாதம் அப்படியே போனது. வேலை முடிந்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டாலே பெரியவள் உறுமிக்கொண்டு வருவாள். வெள்ளைத் தோல் வெயிலில் சிவந்துவிடும் என்று புளியமரத்தடியில் சேறு கலக்கி விட்டிருந்தோம். இரண்டும் அதில் புரண்டு எழுந்து நிற்கும்போது வெள்ளையா கறுப்பா என்று யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் மோட்டார் அரை மணிநேரம் ஓடினால் காற்றைக் கக்கியது. தக்காளிச் செடி நின்ற இடத்திலேயே காய்ந்தது. ஊரில் பேச்சு ஆரம்பித்தது. நேர்ந்துவிட்டதை ஒழுங்காகச் செலுத்தாமல் வைத்திருந்தால் முனியப்பன் எப்படி மழை தருவார் என்று. திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கணவரின் அண்ணன் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார்.

"நாளைக்கு மத்தியானம் பூசைம்மா. பன்னிக்குக் காலைலயே மஞ்சத் தண்ணி ஊத்தி வை."

அப்போதுதான் என் வாய் திறந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். பண்ணை, பூட்டு, நம்பர் வெட்டு, காப்பகம், கையெழுத்துப் போட்ட காகிதம். காகிதத்தையும் எடுத்துவந்து காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஆங்கிலமும் கன்னடமும் இருந்தது. கன்னடம் அவருக்கு நன்றாக வாசிக்க வரும்.

"அப்ப ஆறு மாசமா ஊரையே ஏமாத்திகினு இருந்தியா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே மாமா. நீங்களாத்தான் நெனச்சுக்கிட்டீங்க."

"குங்குமம் வைக்கறப்ப வாயில கொழுக்கட்டையா இருந்துது?"

சரி, கொழுக்கட்டைதான் இருந்தது. அதற்காகப் பன்றியை விட்டுக்கொடுப்பேனா? கெஞ்சினேன். அவர் காலில் விழாத குறை. நாளைக்குள் டெம்போ பிடித்து இரண்டையும் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், வெள்ளைப் பன்றிக்கு நோய் வந்துவிட்டது என்று ஊரில் சொல்லிவிடுங்கள் என்றேன். கடைசியில் அவர் தணிந்தார். "சரி வுடும்மா. நான் பெரியவங்ககிட்ட பேசிக்கறேன்" என்றார். பொய் சொல்லாத மனுஷன் சொன்ன வார்த்தை. நம்பினேன். டெம்போக்காரர் மறுநாள் மூன்று மணிக்கு மேல்தான் வர முடியும் என்றார். அதனால் முதல் ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பதினோரு மணிக்கு என் கணவர் கம்பெனி கேட்டில் நின்றார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மேளத்தோடு வந்து பெரியவளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்களாம். "அண்ணன் எதுத்தாப்புல நிக்கறாரு, நான் என்னா பண்ணட்டும்?" என்றார். அவரைத் திட்டக்கூட நேரமில்லை. மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, சூளகிரி தாண்டி ஊர் வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன்.

கோயில் முன்னால் நல்ல கூட்டம். பெரியவள் கழுத்தில் அரளிமாலையோடு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். மிரளவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆறு மாதமாகக் களியும் கிழங்கும் கொடுத்த கைகள்தானே சுற்றி நிற்கின்றன, அவள் எதற்கு மிரள வேண்டும்? யாரோ கொடுத்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள்.

குத்துவதற்கு முன் எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. நேர்ந்துகொண்டவர் யார் என்று பூசாரி மூன்று தடவை கேட்பார். அந்த ஆள் சாமி முன்னால் வந்து நான்தான் என்று சொல்ல வேண்டும். ஆள் வராவிட்டால் அந்த உயிரை விட்டுவிடுவார்கள். எனக்கு அது சட்டென்று நினைவுக்கு வந்து, உடம்பில் உயிர் வந்தது. யாருமே நேர்ந்துகொள்ளவில்லையே, யார் வருவார்கள்?

பூசாரி கேட்டார். கூட்டம் என் பக்கம் திரும்பியது. நான் அசையவில்லை. இரண்டாவது தடவை கேட்டார். பூசாரியின் கண்ணும் என் மேல்தான் இருந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, இல்லை என்றேன். மூன்றாவது தடவை கேட்டார்.

"நான்தான் நேந்துக்கிட்டேன்" என்றார் கணவரின் அண்ணன்.

கண் இமைக்காமல் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் காகிதத்தைக் கன்னடத்தில் எழுத்துக்கூட்டாமல் வாசித்த மனுஷன், சாமிக்கு எதிரே நின்று சொன்னார். ஊர் முன்னால் தன் தம்பி வீடு தலைகுனியக் கூடாது, திருவிழா நின்றுபோகக் கூடாது, தர்மகர்த்தா வீட்டுக் கிழங்கைத் தின்ற பன்றி சும்மா ஒரு பன்றி என்று வெளியே தெரியக் கூடாது. அதற்கு ஒரு உயிர்.

"பொய்" என்று கத்தினேன். "அது பண்ணைப் பன்னி. யாரும் நேந்துக்கல. பொய் சொல்றாரு."

இரண்டு பக்கமும் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சாமி குத்தமாகிவிடும், சும்மா இரு என்றார்கள். என் ஓரகத்தி அழுதுகொண்டே என் வாயைப் பொத்தினார். மஞ்சள் தண்ணீரைப் பெரியவள் முதுகில் ஊற்றினார்கள். உச்சி வெயிலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்த உயிர்தான் உடம்பை உதறாது? உதறினாள். சாமி உத்தரவு கொடுத்துவிட்டதென்று குலவை போட்டார்கள். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது.

அந்தக் கறியை எங்கள் தெருவில் ஒருவரும் தொடவில்லை. தீட்டாம். நேர்ந்துகொண்டதாகச் சொன்னவரே தொடவில்லை. கீழ்த்தெருவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத் தலை முழுகினார்.

நாலாம் நாள் மழை பெய்தது. ஊரே என் வீட்டைப் பார்த்துச் சிரித்தது. பார்த்தாயா, பார்த்தாயா என்று ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். அதே மழைதான் கிருஷ்ணகிரியிலும் பெய்தது, காவேரிப்பட்டணத்திலும் பெய்தது, பெங்களூரில் முழங்கால் அளவு ஓடியது. அங்கெல்லாம் யார் போய்ப் பன்றி குத்தினார்கள் என்று கேட்டேன். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். கணவரின் அண்ணனோடு அன்றிலிருந்து நான் பேசவில்லை. அவர் இறந்தபோதுகூட வாசல் வரைதான் போனேன். இதை யாராவது தப்பு என்றால் சொல்லிக்கொள்ளட்டும்.

சின்னவள் இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை. பெரியவள் படுக்கும் இடத்தில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தாள். இந்த ஊரில் இவளை வைத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. மறுபடி ஒரு தக்காளி டெம்போ பிடித்து எல்லை தாண்டிக் கொண்டுபோனேன்.

காப்பகத்து அம்மா கதவைத் திறந்து டெம்போவுக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றைத்தான் பார்த்தார். முதலில் சின்னவளை இறக்கி, தண்ணீர் வைத்து, மற்ற நாலும் இருந்த கொட்டகைக்குள் விட்டார். அவை முகர்ந்து பார்த்து இடம் விட்டன. பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். கணவரின் அண்ணன் சொன்ன பொய்யைச் சொல்லும்போது எனக்குக் குரல் ஏறிவிட்டது, பக்கத்தில் கட்டியிருந்த நாய்கள் குரைத்தன. சாமிக்கு முன்னால் நின்று ஒரு மனுஷன் அப்படிப் பொய் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பூசாரி மொதல் நாள் வந்து கேட்டாரல்லம்மா, எப்ப நேந்து வுட்டீங்கன்னு" என்றார். "அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

"ஆறு மாசமா?"

"ஆமாங்க."

அவர் எழுந்து போய், பிராணிகளை வாங்கிப்போனவர்கள் பெயர் எழுதிய நோட்டை எடுத்துவந்தார். என் பெயர் இருந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து, ஸ்கேல் வைத்து நேராக அடித்தார்.

"இனிமே உங்களுக்கு எந்தப் பிராணியும் குடுக்கறதுக்கில்லம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சரிங்க என்று சொல்லிவிட்டு டெம்போவில் ஏறினேன்.